ஓட்டையை எந்தக் கெமிக்கலும் அடைக்காது

யூபிஎஃப் (துணி வெயிலின் புற ஊதாக் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதற்கான அளவு) 50+ கேட்டு பனியன் ஆர்டர் வந்தால் திருப்பூரில் பலரும் முதலில் கெமிக்கல் கடைக்குத்தான் போன் போடுகிறார்கள். அந்த முதல் போன் துணி பின்னும் நிட்டிங்குக்குப் போக வேண்டும்.

யூபிஎஃப் 50 என்றால் சருமத்தைச் சிவக்க வைக்கும் புற ஊதாக் கதிரில் 50-ல் ஒரு பங்கு, அதாவது 2%, மட்டுமே துணியைத் தாண்டலாம். நூலுக்குள் ஏறும் கெமிக்கல் நூலில் விழும் கதிரைத்தான் பிடிக்கும். பின்னல் வளையமான லூப்புக்கு நடுவே இருக்கும் ஓட்டையில் அதற்கு வேலையே இல்லை. 100-ஐ ஓட்டைப் பரப்பின் சதவீதத்தால் வகுத்துப் பாருங்கள். அதுதான் கிடைக்கக்கூடிய உச்ச யூபிஎஃப். ஓட்டை 8% என்றால் 12.5. நூல் ஒரு துளிக் கதிரும் விடாவிட்டாலும் அதற்கு மேல் ஏறாது. 50 வேண்டுமானால் ஓட்டை 2%-க்குள் அடங்க வேண்டும். அதனால் லூப் லெங்த்தை, அதாவது ஒரு லூப்புக்குப் போகும் நூலின் நீளத்தை, குறையுங்கள், இல்லையென்றால் இன்டர்லாக் என்ற இரட்டைப் பின்னலுக்கு மாறுங்கள். 140 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 140 கிராம்) வெள்ளை சிங்கிள் ஜெர்சி என்ற ஒற்றைப் பின்னல் துணியில் 50 கேட்டால் பார்ட்டியிடம் முடியாது என்று சொல்லிவிடுவதே நல்லது.

நம் பக்கம் மஞ்சள் காட்டில் வேலை செய்யும் பெண்கள் சேலைக்கு மேல் ஆண்கள் சட்டையைப் போட்டுக்கொள்கிறார்கள். நெருக்கமாக நெய்த அடர்நிறப் பாலிகாட்டன் சட்டை, மெல்லிய வெள்ளை பனியனைவிட நன்றாகவே காக்கும். பாலியெஸ்டருக்கு யூவி-பி என்ற புற ஊதாக் கதிரை உறிஞ்சும் குணம் இயல்பிலேயே உண்டு.

அடுத்தது பிளீச்சிங். கிரே காட்டனில், அதாவது இன்னும் பிளீச் செய்யாத காட்டனில், இருக்கும் இயற்கை நிறமிகள் கொஞ்சம் கதிரை உறிஞ்சும், பிளீச் செய்தால் அது போய்விடும். நேவி, கருப்பு போன்ற அடர்ந்த ஷேடுகளில் சாயமே அந்த வேலையைச் செய்துவிடும். துணி நெருக்கமாக இருந்தால் தனி ஃபினிஷ் பெரும்பாலும் தேவைப்படாது. வெளிர் ரோஸ், ஸ்கை புளூ, வெள்ளை ஆகியவைதான் பாடாய்ப்படுத்தும்.

காட்டனுக்கு, நூலோடு வினை புரிந்து ஒட்டும் ரியாக்டிவ் வகை யூவி அப்சார்பர் (புற ஊதாக் கதிரை உறிஞ்சும் கெமிக்கல்) சுலபம். சாஃப்ட் ஃப்ளோ சாய மெஷினில் ரியாக்டிவ் சாயத்தோடேயே போடலாம், அதே உப்பு, அதே சோடா, 60 டிகிரி. 100 கிலோ துணிக்கு 2% என்றால் 2 கிலோ. நூலோடு பிணைந்துவிடுவதால் சலவைக்குத் தாங்கும். ஆனால் வெள்ளையில் கவனம். புற ஊதாக் கதிரை வாங்கி ஒளிரும் ஒயிட்னரும் அப்சார்பரும் ஒரே புற ஊதாக் கதிருக்குப் போட்டி போடும். அப்சார்பர் ஜெயித்தால் ஒயிட்னர் ஒளிராது, வெள்ளை மங்கி மஞ்சளடிக்கும். லேப் டிப் என்ற சிறு சாம்பிள் சாயமிடலிலேயே இரண்டையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள்.

பேடிங்கில், அதாவது துணியைக் கெமிக்கல் தொட்டியில் நனைத்து உருளையில் பிழியும் முறையில், ஜிங்க் ஆக்சைடோ டைட்டானியம் டை ஆக்சைடோ ஒட்டவைக்கும் பைண்டரோடு ஏற்றுவதாக இருந்தால் பிக்கப் (துணி தன் எடையில் எத்தனை சதவீதம் கரைசலை எடுக்கிறது) கணக்கு முக்கியம். லிட்டருக்கு 40 கிராம், பிக்கப் 80% என்றால் துணியில் ஏறுவது 3.2%. இந்தக் கணக்கு காய்ந்த துணிக்குத்தான். ஈரத்தோடு பேடிங்குக்குப் போனால் அந்தத் தண்ணீர் தொட்டியில் கலந்து பாத் எனும் கரைசல் நீர்த்துக்கொண்டே போகும், ரோலின் தலையும் வாலும் வேறு வேறு ரீடிங் காட்டும். துகள் அடியில் படியும் என்பதால் கலக்கிக்கொண்டே இருங்கள். ஆனயானிக் (எதிர் மின்னேற்றம் உள்ள) பைண்டர் இருக்கும் பாத்தில் கேட்டயானிக் (நேர் மின்னேற்றம் உள்ள) சாஃப்ட்னரை ஊற்றினால் திரிந்துபோகும். டைட்டானியத்தில் ரூடைல் வகையைக் கேட்டு வாங்குங்கள். இன்னொரு வகையான அனடேஸ் வெயிலில் வினை புரிந்து சாயத்தையும் காட்டனையும் அரிக்கும்.

இத்தனையும் சரியாகச் செய்து கடைசியில் துணியை விரித்துக் காயவைக்கும் ஸ்டென்டர் மெஷினில் கெடுப்பவர்கள் அதிகம். அகலம் வர வேண்டுமென்று இழுத்தால் லூப் விரிந்து ஜிஎஸ்எம் இறங்கும், நிட்டிங்கில் அடைத்த ஓட்டை திறந்துகொள்ளும். ஓவர்ஃபீடு கொடுத்து, அதாவது துணியைத் தளர்வாக உள்ளே விட்டு, ஓட்டி, காம்பாக்டிங் மெஷினில் நெருக்குங்கள்.

லேபுக்கு அனுப்புவது ஆர்டரிலேயே வெளிர்ந்த ஷேடாக இருக்கட்டும். ஐரோப்பியத் தர விதி ஈஎன் 13758-2 என்றால் யூபிஎஃப் 40-க்கு மேல் இருந்தால் மட்டும் போதாது, யூவி-ஏ என்ற புற ஊதாக் கதிரின் ஊடுருவலும் சராசரியாக 5%-க்குள் இருக்க வேண்டும். வழக்கமாக லேபில் அளப்பது காய்ந்த, இழுக்காத துணியை. போடுகிறவர் வியர்ப்பார், துணி உடம்பில் இழுபடும். நனைந்த காட்டன் இன்னும் அதிகக் கதிரை விடும். ரீடிங் 52 வந்தது என்று டேக் அடிக்கப் போகாதீர்கள், லூப்பை இன்னும் ஒரு சுற்று இறுக்கி மறுபடி அனுப்புங்கள்.