கண்டியூரிலிருந்து சோற்றுத்துறைக்கு நடந்தே

சித்திரையில் திருவையாற்று ஐயாறப்பர் கண்ணாடிப் பல்லக்கில் ஏறி ஏழூர் சுற்றுவார். நந்திக்குக் கல்யாணம் பண்ணிவைத்த கையோடு புதுமாப்பிள்ளையையும் பெண்ணையும் கூட்டிக்கொண்டு, கல்யாணத்துக்குச் சாமான் கொடுத்த ஊர்களுக்கெல்லாம் நன்றி சொல்லப் போவதாக ஐதீகம். பழம் கொடுத்தது திருப்பழனம், பூ கொடுத்தது பூந்துருத்தி, சோறு போட்டது சோற்றுத்துறை. ஒரு வருஷம் அந்தக் கூட்டத்தில் இடிபட்டு வந்ததிலிருந்து, "ஆளில்லாத நாள்ல அந்த வழியில நடக்கணும்டா" என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். ஏழும் வேண்டாம், மூன்று போதும் என்று பேசி முடிவானது. முழங்கால் அவருடையது.

தை கடைசியில் ஒருநாள் காலை ஏழு மணிக்குக் கண்டியூரில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். சிவன் வீரம் காட்டிய தலங்களான வீரட்டானம் எட்டில் ஒன்று இது. பிரம்மாவின் ஐந்தாவது தலையைச் சிவன் கிள்ளிய இடம். தலை போன ஊரிலேயே பிரம்மாவுக்குச் சரஸ்வதியோடு தனிச் சந்நிதி. நாலு முகத்தில் ஒன்றிலும் வருத்தம் தெரியவில்லை. "கோவத்துல கிள்ளிட்டு, அப்புறம் இடம் போட்டுக் கொடுத்திருக்காரு" என்றார் சித்தப்பா.

வீரசிங்கம்பேட்டை வழியாகத் திருவேதிகுடிக்கு. மெயின்ரோட்டை விட்டுத் திரும்பியதுமே சத்தம் குறைந்துவிட்டது. தாளடியும் சம்பாவும் பாதி அறுத்து, பாதி நிற்கிற சமயம். அறுவடை மிஷின் போன வயலில் கொக்குகள் அதன் பின்னாலேயே வரிசை பிடித்துப் போயின. இந்தப் பக்கம் அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்து தெளித்துவிடுவார்கள். நெல் போனதும் அடியில் உளுந்து தலைகாட்டும். மிஷின் சக்கரம் ஏறிய தடத்தில் மட்டும் ஒன்றும் இல்லாமல் இரண்டு நீளக் கோடு.

கொஞ்ச தூரத்தில் ரோட்டின் பாதியை நெல் அடைத்துக் கிடந்தது. ஒரு அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலாலேயே நெல்லைக் கிளறி வரி வரியாகக் கோடு போட்டபடி போய்க்கொண்டிருந்தார். மீதிப் பாதியில் ஒரு டிராக்டர் நின்றிருந்தது.

"அய்யா, செருப்பக் கையில எடுத்துக்கிட்டு ஓரமா வாங்க. மண்ணு ஒட்டுனா தூத்தணும்."

கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டோம். காலைவெயிலில் நெல் மேலே வெதுவெதுப்பு, அடியில் இன்னும் குளிர்ச்சி. அந்த அம்மா ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்தார். "டக்குன்னு உடையல பாருங்க, ஈரம் இருக்கு. 17 சதவீதத்துக்கு மேல காட்டுனா கொள்முதல்ல எடுக்க மாட்டாங்க." நேற்றிலிருந்து காய்கிறதாம். ராத்திரிப் பனிக்குத் தார்ப்பாயைப் போட்டு மூடி, அதன் பக்கத்திலேயே படுக்கையாம்.

வேதிகுடியில் எங்களைத் தவிர யாருமில்லை. கல்யாணம் தடைப்படுகிறவர்கள் வருகிற கோயில். அம்பாள் பெயர் மங்கையர்க்கரசி. கோஷ்டத்து, அதாவது கருவறை வெளிச்சுவர் மாடத்து, அர்த்தநாரியை மட்டும் நின்று பாருங்கள். வழக்கமாக இடப்பக்கம் இருக்கிற அம்பாள் இங்கே வலப்பக்கம். முதலில் எனக்குப் பிடிபடவில்லை. சித்தப்பா தன் நெஞ்சைத் தொட்டு, வலது இடது என்று சொல்லிக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

அங்கிருந்து சோற்றுத்துறைக்குப் போகிற வழியில்தான் சித்தப்பா பாட ஆரம்பித்தார். சம்பந்தர் கண்டியூரிலிருந்து சோற்றுத்துறைக்குப் போகும்போது வழிநடையிலேயே பாடிய பதிகம் என்று சேக்கிழார் சொல்கிறார். பாட்டுக்குப் பாட்டு 'சோற்றுத்துறை சென்றடைவோமே' என்று முடியும். வீட்டில் உட்கார்ந்து கேட்டபோது அது எனக்கு வெறும் கடைசி அடிதான். நடக்கும்போது அப்படியில்லை, ஊர் இன்னும் வரவில்லை என்பதும் அதில் இருக்கிறது. மூன்றாவது பாட்டில் சித்தப்பாவுக்கு மூச்சு வாங்கியது. 'அடைவோமே' மட்டும் நான் எடுத்துக்கொண்டேன். சுருதி சேரவில்லை. வரப்பில் வாத்து மேய்த்தவர் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

குடமுருட்டிக் கரையை ஒட்டிய அந்த ஊருக்குள் நுழையும்போது மணி பதினொன்றே முக்கால். சோற்றின் பேரை வைத்துக்கொண்ட ஊர். வரும் வழியில் சாப்பிட ஒரு கடை கண்ணில் படவில்லை. எங்கள் பையில் காலியான பிஸ்கட் பாக்கெட். குருக்கள் சாவியைக் கையில் எடுத்துவிட்டிருந்தார். "நடந்தா வந்தேள்?" என்று கேட்டவர், ஒன்றும் சொல்லாமல் மறுபடி விளக்கைத் தூண்டினார். ஓதனவனேஸ்வரர். ஓதனம் என்றாலும் சோறுதான். பஞ்சகாலத்தில் அருளாளன் என்ற அடியாருக்கு அள்ள அள்ளக் குறையாத பாத்திரம் கொடுத்த சாமி. தனிச் சந்நிதியில் அன்னபூரணி.

விபூதி கொடுத்துவிட்டு, "இருங்கோ" என்று உள்ளே போய், நைவேத்தியமான சாதத்தை இரண்டு வாழையிலைத் துண்டில் வைத்துக் கொண்டுவந்தார். சுத்த அன்னம். உப்பில்லை, குழம்பில்லை, ஆறிப்போய்க் கட்டியாக இருந்தது. பிரகாரத்து நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மெல்ல மெல்ல இனித்தது.

சித்தப்பா வேட்டி மடிப்பில் விழுந்திருந்த ஒரு பருக்கையை எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, "திரும்பிப் போறதுக்கு பஸ் எத்தனை மணிக்குன்னு கேளு" என்றார்.