பத்து சிட்டிங் பணமும் என் கிளினிக் கணக்கும்

திருச்சி உறையூரில் பிசியோதெரபி கிளினிக் தொடங்கி ஓராண்டு ஆகியிருந்தது. 2023 ஜூனில் மட்டும் பதினான்கு பேர் பேக்கேஜ் எடுத்தார்கள். ஒரு சிட்டிங், அதாவது ஒரு முறைச் சிகிச்சை, 400 ரூபாய். பத்துக்கும் சேர்த்து முன்பே கட்டினால் 3,500. ஆக, ஒரே மாதத்தில் 49,000 ரூபாய் கையில். தொழில் நிலைத்துவிட்டது என்று நம்பி, வெகுநாள் ஆசைப்பட்ட, வலிக்குச் சிகிச்சை தரும் அல்ட்ராசவுண்ட் மெஷினை 45,000 கொடுத்து வாங்கினேன்.

ஜூலையில் காலை முதல் இரவு வரை கட்டில் காலியாகவே இல்லை. ஆனால் பணம் வரவில்லை. வந்தவர்களில் பெரும்பாலோர் ஜூனிலேயே கட்டியவர்கள். வாடகை 12,000, உதவிக்கு இருக்கும் பெண்ணின் சம்பளம் 9,000, அதோடு கமர்ஷியல் மீட்டரின் கரன்ட் பில். கழுத்துச் சங்கிலியை அடகு வைத்துத்தான் கொடுத்து முடித்தேன்.

அதே வாரம், பக்கவாதத்துக்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டிருந்த ஒரு பெரியவரின் மகன் வந்தார். அப்பாவைச் சொந்த ஊருக்கே அழைத்துப் போவதாகவும், மீதி ஆறு சிட்டிங்குக்கான பணம் கிடைக்குமா என்றும் கேட்டார். 2,100 ரூபாய். நியாயமான கேள்வி. என்னிடம் அன்று அது இல்லை. ஒரு வாரம் தவணை கேட்டேன். "பரவாயில்லைங்க மேடம், மெதுவா குடுங்க" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. நான் இன்னும் செய்யாத வேலைக்கு வாங்கிய பணம் அது. என்னிடம் இருந்தாலும் என்னுடையது இல்லை.

அதற்குப் பிறகு பேக்கேஜ் பணம் எல்லாம் தனி வங்கிக் கணக்குக்குப் போகிறது. அதற்கென ஒரு க்யூஆர் கோடும் வாங்கி வைத்தேன். ஒவ்வொருவருக்கும் ஒரு கார்டு. சிட்டிங் முடிந்ததும் தேதி போட்டுக் கையெழுத்து. சனிக்கிழமை மாலை கார்டுகளை எண்ணி, அந்த வாரம் முடிந்த சிட்டிங் ஒன்றுக்கு 350 வீதம் மட்டும் செலவுக் கணக்குக்கு மாற்றுவேன். அரை மணி நேரம்கூட ஆகாது. முதல் மூன்று மாதம் கஷ்டமாக இருந்தது, ஏனென்றால் பழைய பேக்கேஜ்களுக்குக் கைக்காசு இல்லாமலே உழைக்க வேண்டியிருந்தது. நகையை மீட்கத் தீபாவளி தாண்டிவிட்டது.

வருமான வரி விஷயத்தில் எனக்கு இருந்த பயம் வேறு. ஒரு பள்ளிக்கு வாரம் ஒருநாள் போவேன். மாதம் 12,000 பேசியிருந்தோம், 10,800தான் வந்துகொண்டிருந்தது. கேட்கக் கூச்சப்பட்டு ஒரு வருடம் சும்மா இருந்துவிட்டேன். என் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தை ஆடிட்டர் திறந்து காட்டியபோதுதான், பத்து சதவீதம் டிடிஎஸ்ஸாக (பணம் தருபவரே முன்கூட்டிப் பிடிக்கும் வரி) என் பான் எண்ணில் சேர்ந்திருப்பது தெரிந்தது. 2023-24இல் மொத்த வரவு 9,60,000. செலவுக் கணக்கு காட்டாமல் வரவில் ஒரு பகுதியை வருமானமாகக் காட்ட அனுமதிக்கும் 44ஏடிஏ பிரிவில் அதில் பாதியை வருமானமாகக் காட்டினோம், 4,80,000. புதிய வரி முறையில் ஏழு லட்சம் வரை தள்ளுபடி இருந்ததால் கட்ட வேண்டிய வரி எதுவும் இல்லை. ஜூலை 31க்குள் ஐடிஆர்-4 என்ற வரிக் கணக்குப் படிவத்தைத் தாக்கல் செய்தோம். பிடித்த 14,400 திரும்ப வந்தது. இந்தப் பிரிவில் செலவுக்கு ரசீது காட்ட வேண்டியதில்லை என்று பலர் கணக்கே எழுதுவதில்லை. அது வரித்துறைக்குப் போதும். வாடகை கொடுக்க முடியுமா என்பதை என் கணக்கு நோட்டுதான் எனக்குச் சொல்லும்.

வலியோடு வருபவரிடம் பணம் பேசுவது இன்றும் எனக்குச் சுலபமாக வருவதில்லை. முகம் பார்த்துக் குறைத்துவிடுவேன். இப்போது மாதம் இரண்டு பேருக்குப் பாதிக் கட்டணம் என்று முன்பே ஒதுக்கி, அதையும் நோட்டில் எழுதுகிறேன். மூன்றாவதாக ஒருவர் வந்தால் அடுத்த மாதத்து இடத்தைக் கொடுப்பேன்.

போன மாதம் முழங்கால் வலிக்காக வந்த ஓர் அம்மா ஆறு சிட்டிங்கோடு நிறுத்திக்கொள்வதாகச் சொன்னார். கார்டைப் பார்த்து, அவர் செருப்பு மாட்டுவதற்குள் 1,400 ரூபாயை ஜிபே செய்துவிட்டேன்.