மூங்கிலில் காசு எங்கே இருக்கிறது?

மூங்கில் பதப்படுத்தும் கூடத்தில் எனக்குக் கொள்முதல் வேலை. கழி வாங்குவது, தரம் பிரிப்பது, தேறாததைத் திருப்பி அனுப்புவது, திருப்பி அனுப்பியதற்காகத் திட்டு வாங்குவது எல்லாம் அதில் அடக்கம். என்ன வேலை என்று சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "அது சீக்கிரம் வளருமே, நல்ல லாபமோ?"

சீக்கிரம் வளர்வது உண்மைதான். முளை மண்ணை விட்டு வெளியே வரும்போதே கழியின் பருமன் முடிவாகிவிடுகிறது, சில மாதங்களில் முழு உயரத்தையும் எட்டிவிடும், அதன் பிறகு எத்தனை வருடம் விட்டாலும் துளிகூடப் பருக்காது. ஆனால் அந்த உயரத்தைப் பார்த்து வெட்டினால் கிடைப்பது ஈரம் நிறைந்த ஒரு குழாய். காயும்போது சுருங்கும், வெடிக்கும். நார் இறுகி வேலைக்கு ஆக மூன்று நான்கு வருடம் வேண்டும். காசு அந்தக் காத்திருப்பில்தான் இருக்கிறது, வளரும் வேகத்தில் இல்லை.

தோப்புக்குள் போனால் ஒரு வருடக் கழியும் நாலு வருடக் கழியும் ஒரே உயரத்தில் நிற்கும். இளசில் பளிச்சென்ற பச்சை, கணுவுக்குக் கீழே வெள்ளைப் பூச்சு, அடிக்கணுவில் இன்னும் உதிராமல் ஒட்டியிருக்கும் உறை. முற்றியதில் பச்சை மங்கி, சாம்பல் நிறத்தில் பாசி திட்டுத்திட்டாகப் படர்ந்திருக்கும். சந்தேகம் வந்தால் அரிவாளின் பின்புறத்தால் ஒரு தட்டு. இளசு 'தொப்' என்னும், முற்றியது 'டங்' என்று திருப்பிச் சொல்லும். இத்தனை சிரமமே வேண்டாம், முளை வரும் வருடமே கழியில் பெயின்ட்டால் ஒரு கோடு போட்டு வைத்தால் போதும். அதைச் செய்யும் தோப்புக்காரர்கள் மிகக் குறைவு. செய்கிறவரிடம் நான் பேரம் பேசுவதே இல்லை.

வெட்டுவதில் இன்னொரு சிக்கல். புதுக்கழி புதரின் வெளி ஓரத்தில் வரும், முற்றியது நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். கழிக்கு இவ்வளவு என்று கூலி பேசினால் வெட்டுகிறவர் கைக்கு எட்டும் ஓரத்தைத்தான் வெட்டுவார், அவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? முள் மூங்கிலாக இருந்தால் கேட்கவே வேண்டாம். விளைவு, வருங்காலம் வெட்டுப்பட்டுப் போகும், கிழடு தட்டியவை நடுவில் நெருக்கியடித்து நிற்கும், அடுத்து வரும் முளைகள் மெலிந்துகொண்டே போகும். புதரை ஒரு பக்கம் குதிரை லாடம் போலத் திறந்து உள்ளே போய் வெட்டினால் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதற்கு நாள் கூலி கொடுக்க வேண்டும்.

அப்புறம் வண்டு. பதப்படுத்தாத கழியை அடுக்கி வைத்துவிட்டுச் சில வாரம் கழித்துப் பாருங்கள், தரையில் மஞ்சள் மாவு கொட்டிக் கிடக்கும், கழியில் குண்டூசி முனை அளவு ஓட்டைகள். கழியில் இருக்கும் மாவுச்சத்தைத் தின்ன வரும் வண்டு அது. மலிவாகக் கிடைக்கிறதென்று வேறிடத்தில் பச்சைக் கழி வாங்கி நாற்காலி செய்த ஒரு நிறுவனம், விற்ற நாற்காலிகள் மாவு கொட்டத் தொடங்கிய பிறகு எங்களிடம் வந்தது. வைத்தியம் பெரிய ரகசியம் ஒன்றுமில்லை, போராக்ஸும் போரிக் அமிலமும் கலந்த தண்ணீர்த் தொட்டி. ஆனால் மூங்கிலின் வெளித்தோல் எதையும் உள்ளே விடாது, அதனால் நீண்ட கம்பியால் கணுத்தடுப்புகளைக் குத்தித் திறந்து, கரைசல் உள்பக்கமாக ஏறும்படி முக்கிவைக்க வேண்டும், அதுவும் கழி ஈரமாக இருக்கும்போதே. பிறகு நிழலில் உலர்த்த வேண்டும். இதிலும் ஒரு எல்லை உண்டு: இந்த உப்பு மழையில் கரைந்து போய்விடும், வேலிக்காலுக்கு உதவாது. மண்ணில் நட்ட வெறும் கழிக்கு ஆயுள் ஒன்றிலிருந்து மூன்று வருடம்தான்.

லாரி வாடகையைப் பற்றி யாரும் திட்டத்தில் எழுதுவதில்லை. கழி உள்ளே வெற்றிடம், லாரி நிறைந்துவிடும், எடையோ பாதிகூட வராது. நாம் காற்றுக்கு டீசல் போட்டு ஓட்டுகிறோம். தோப்புக்குப் பக்கத்திலேயே பிளந்து பிளாச்சாக ஏற்றினால் கணக்கே மாறிவிடும். எந்திரம் வாங்கத் தயாராக இருப்பவர்கள் அதை எங்கே வைப்பது என்று யோசிப்பதில்லை. மூங்கில் தோலில் சிலிக்கா அதிகம், கத்தி சீக்கிரம் மழுங்கும், சாணை பிடிக்கிற ஆள் பக்கத்தில் இல்லையென்றால் எந்திரம் சும்மா நிற்கும்.

மிச்சம் என்ன ஆகிறது என்பதில்தான் கடைசி லாபம். அகர்பத்திக் குச்சிக்கு எடுத்தால் கழியில் 16 சதவீதம்தான் குச்சியாகும் என்பது இந்தத் தொழிலில் புழங்கும் கணக்கு. மீதியை எரித்துவிட்டால் குச்சியின் விலை முழுக் கழியையும் சுமக்க வேண்டும். அதைக் கரியாக்கினால் காய்ந்த எடையில் ஏறக்குறைய கால்வாசி கரியாகக் கிடைக்கும். சீனாவின் செச்சியாங் மாகாணத்து ஆன்ஜியில் குருத்து உணவுக்கு, நடுக்கழி தரைப்பலகைக்கு, தூளும் சீவலும் எரிபொருளுக்கு என்று ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு வாங்குபவர் இருக்கிறார். அங்கே மூங்கில் பொருட்களை மலிவாக விற்க முடிவதன் காரணத்தில் பாதி இதுதான்.

இப்போதெல்லாம் நடலாமா என்று கேட்பவரிடம் நான் ஏக்கர் கணக்கு கேட்பதில்லை. இருநூறு கிலோமீட்டருக்குள் யார் வாங்குகிறார், அவருக்குச் சுவர் தடித்த கழி வேண்டுமா சுவர் மெல்லிய கழியா, நாற்று எந்த விதையிலிருந்து வந்தது என்று கேட்கிறேன். கடைசிக் கேள்விக்குக் காரணம், ஒரே விதைக் கூட்டத்தில் வந்த மூங்கில் பெரும்பாலும் ஒன்றாகவே பூத்து ஒன்றாகவே சாகும். 2006 வாக்கில் தொடங்கி மிசோரமில் காடு காடாக அப்படிப் போனது. முதல் கேள்வியிலேயே பாதிப் பேர் பேச்சை மாற்றிவிடுகிறார்கள். மீதிப் பேருக்கு என் எண்ணைக் கொடுத்து, நடுவதற்கு முன்பு ஒரு தடவை எங்கள் தொட்டியை வந்து பார்க்கச் சொல்கிறேன்.