ஆதாரம் எழுதும் கை

விளவங்கோடு தாலுகாவில், கேரள எல்லையை ஒட்டி, ரெஜிஸ்தர் ஆபீசுக்கு எதிரே ஆதாரம், அதாவது சொத்துப் பத்திரம், எழுதிப் பிழைக்கிறேன். கதையும் எழுதுகிறேன். பகலெல்லாம் எழுதிய கைக்குக் கதை எப்படி வருகிறது என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பகலில் எழுதுவது ஆதாரம் என்பதால்தான் வருகிறது.

ஆதாரத்தின் மொழி எப்போதோ வார்த்து வைத்தது. எழுதிக் கொடுப்பவர், எழுதி வாங்குபவர், முன்னாதார விவரம், சர்வே எண், நான்கெல்லை. என் சொல்லுக்கு அதில் இடமே இல்லை. அதனால் என் சொல் அதில் செலவாவதும் இல்லை. இடையில் கொஞ்ச காலம் விளம்பர வாசகம் எழுதினேன். கூலி அதிகம். ஆனால் நகைக்கடைக்காக வரவழைத்த நெகிழ்ச்சி மாலையில் கதைக்குள்ளும் வந்து உட்கார்ந்துகொண்டது. ஒரு தாய் அழும் இடத்தை என்னால் நேராக எழுத முடியவில்லை. அந்த வேலையை விட்டுவிட்டேன். எழுதுகிறவர்கள் பிழைப்புக்கு வேலை தேடும்போது சம்பளத்தோடு இதையும் பார்க்க வேண்டும்: அந்த வேலை நம் மொழியைத் தின்கிறதா, விட்டுவைக்கிறதா?

விட்டுவைப்பதோடு நிற்காமல் என் தொழில் அள்ளியும் தருகிறது. 1956 நவம்பர் 1 வரை இந்த மண் திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்தது. அதனால் பழைய ஆதாரங்கள் பலவும் மலையாளத்தில், கேரளத்தின் காலக்கணக்கான கொல்லம் ஆண்டில் இருக்கும். 1112 மேட மாதம் என்றால் 1937 சித்திரை என்று கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு பாகப்பிரிவினையில், விளையை, அதாவது தோட்ட நிலத்தை, ஆண்மக்களுக்குப் பிரித்துவிட்டு, கிணற்றடிப் பலாவில் ஆயுள்வரை காய் எடுக்கும் உரிமையைக் கைம்பெண்ணான சகோதரிக்கு எழுதியிருந்தார்கள். ஒரே ஒரு வரி. அவள் அந்தப் பலாவடிக்கு எந்த முகத்தோடு வந்திருப்பாள் என்று நான் பல காலம் யோசித்திருக்கிறேன். ஆதாரம் எழுத வருகிறவர்களின் பெயரும் ஊரும் வழக்கும் என் கதைக்குள் வராது. அந்த நம்பிக்கையைக் கெடுத்து எழுதும் கதை எனக்கு வேண்டாம். ஆனால் அந்த யோசனை என்னுடையது.

பணக்கணக்கையும் வெளிப்படையாகப் பேச வேண்டும். 250 ரூபாய் விலையுள்ள நாவல் 300 பிரதி விற்று, பத்து சதவீதம் ராயல்டி ஒழுங்காக வந்தாலும் 7,500 ரூபாய். அதை எழுத இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். குடும்பம் நடத்தும் பாரத்தை அந்த நாவலின் தலையில் வைப்பது நியாயமில்லை.

எங்கள் பக்கத்து மூத்த எழுத்தாளர்கள் இதை வாழ்ந்து காட்டியிருக்கிறார்கள். நாகர்கோவிலில் சுந்தர ராமசாமி துணிக்கடை நடத்தினார். தோப்பில் முஹம்மது மீரான் வியாபாரி. திருவனந்தபுரத்தில் நீல பத்மநாபன் மின்வாரியப் பொறியாளர். அதே ஊரின் சாலைக் கடைத்தெருவில் கடை வைத்திருந்த ஆ. மாதவன், அந்தத் தெருவையே தமிழுக்குக் கொண்டுவந்து சேர்த்தார். 2015-இல் சாகித்ய அகாதமி விருது பெற்றார். தொழில் இருந்தும் எழுதினார்கள் என்று இவர்களை வியப்பவர்கள் உண்டு. அடுப்பெரிய அடுத்த கதையை நம்பி இருக்க வேண்டாம் என்ற தெம்பு அவர்கள் எழுத்தில் இருப்பதாகவே எனக்குப் படுகிறது.

எனக்குத் தொழில் கற்றுத்தந்த பெரியவர் சொல்வார்: "மக்களே, எல்லைய முதல்ல தெளிவா எழுது. பிறவு சண்டை வராது." வீட்டிலும் அப்படித்தான் செய்தேன். விடியும் முன் பால்வெட்டுக்காரர்கள் தலைவிளக்கோடு ரப்பர் தோட்டத்துக்குப் போகும் நேரம் முதல் கடை திறக்கும்வரை என் நேரம். மாலை குடும்பத்துக்கு. இரவில் எழுதுவதில்லை. ஆடியில் சொத்து எழுத ஆட்கள் அவ்வளவாக வரமாட்டார்கள். நீண்ட கதை வேலைகளை அந்த மாதத்துக்கு ஒதுக்கிவைப்பேன். தை பிறந்தால் நெரிசல். அப்போது திருத்தம் மட்டும்.

என் ஆபீசில் தட்டச்சு செய்யும் பெண் கவிதை எழுதுகிறாள். போன மாதம், "ஸாரே, வேலைய விட்டுட்டு எழுதட்டா?" என்று கேட்டாள். வீட்டில் அவள் சம்பளம்தான் ஓடுகிறது. வேண்டாம் என்றேன். வருகிற ஆடி முழுக்கச் சம்பளத்தோடு லீவு எடுத்துக்கொள், எழுதியதை என்னிடம் காட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை என்று சொல்லியிருக்கிறேன்.