எடுக்கும் ஊரில் சேமிக்கும் கேள்வி

குத்தாலம் பக்கம் இன்று சாலையோரம் நின்றிருந்தேன். நாற்றங்காலை ஒட்டிக் கம்பிவேலி. உள்ளே எரிவாயுக் கிணற்றின் குழாய்த்தலை. வால்வு மேல் வால்வாக ஆளுயரத்துக்கு நின்றது. வேலியில் முந்தானையை உலர்த்திக்கொண்டிருந்த அக்கா கேட்டார்:

"இதையெல்லாம் எங்கே தம்பி சேர்த்து வைக்கிறார்கள்?"

சேர்த்து வைப்பதில்லை அக்கா. வந்த வேகத்தில் குழாயில் போய்விடுகிறது.

கச்சா எண்ணெய்க்கு விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூரில் பாறையைக் குடைந்து 53 லட்சம் டன் கொள்ளும் கிடங்குகள் கட்டினோம். இயற்கை எரிவாயுவுக்கு அப்படி ஒரு நிலத்தடி இருப்பு நாட்டில் இல்லை. எண்ணூர், கொச்சி போன்ற முனையங்களில், கப்பலில் வரும் வாயுவை மைனஸ் 162 டிகிரியில் திரவமாக வைத்திருக்கும் தொட்டிகள்தான் உண்டு. தேவையில் ஏறத்தாழ பாதி இறக்குமதி.

பத்தாயம் இல்லாத பண்ணை வீடு மாதிரி!

ரஷ்ய வாயு வரத்து குறைந்தபோது ஐரோப்பிய ஒன்றியம் 2022-ல் சட்டமே போட்டது: 2023 முதல் நவம்பர் 1-க்குள் கிடங்குகள் 90 சதவீதம் நிரம்ப வேண்டும். பின்னர் சற்றுத் தளர்த்தினார்கள், ஆனால் நிரப்பும் கடமை இன்னும் நீடிக்கிறது. அவர்களின் கிடங்குகளில் பல, வாயு தீர்ந்துபோன பழைய நிலத்தடி வாயுப் படுகைகள்.

நமக்கும் இருப்பு வேண்டும். மனமார ஆதரிக்கிறேன்.

ஆனால் தீர்ந்த கிணறுகள் டெல்டாவிலும் உண்டு. 2020-ல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் புதிய எண்ணெய், எரிவாயுத் துரப்பணத்தைத் தடுத்தது. மண்ணுக்குள் திரும்ப வாயுவைச் செலுத்தும் யோசனை என்றாவது இங்கே வந்தால், வரைபடம் போடுவதற்கு முன்பே கிராம சபையைக் கூட்டுங்கள். அந்த அக்காவுக்கும் ஒரு நாற்காலி போடுங்கள்.