சிஏ இன்டர்: எட்டு மாதப் படிப்பை ஒன்றரை நாளுக்குள் அடக்குவது

சிஏ (சார்ட்டர்ட் அக்கவுண்டன்ட்) படிப்பின் நடுக்கட்டமான இன்டர் தேர்வில் ஒரு பேப்பர் மாலை 5 மணிக்கு முடியும். நடுவில் பெரும்பாலும் ஒரே ஒரு நாள் இடைவெளி. அதற்கு மறுநாள் பகல் 2 மணிக்கு அடுத்த பேப்பர். ஆக, கையில் இருப்பது ஒன்றரை நாள். அதற்குள் அந்தப் பேப்பரின் முழு போர்ஷனையும் ஒருமுறை புரட்டி முடிக்க வேண்டும். எட்டு மாதத் திட்டத்தை இந்த ஒன்றரை நாளிலிருந்து பின்னோக்கிப் போட்டால்தான் அது நிற்கும்.

ரெஜிஸ்டர் செய்து 8 மாதம் ஆன பிறகே தேர்வு எழுத முடியும் என்பதால் 240 நாள் கிடைக்கிறது. முதல் வாசிப்புக்கு 150, இரண்டாவதுக்கு 45, மாக் டெஸ்டுக்கு (மாதிரித் தேர்வு) 30, கடைசி ரிவிஷனுக்கு 15. அந்த 150 நாளை ஆறு பேப்பருக்கும் சமமாக 25 என்று பிரிக்கிறவர்கள்தான் அதிகம்; அங்கேயே இடறுகிறது. அக்கவுண்ட்ஸுக்கும் டாக்ஸுக்கும் தலா 35, காஸ்டிங்குக்கு 28 ஒதுக்கிவிட்டு, மீதி 52 நாளை லா, ஆடிட், எஃப்எம்-எஸ்எம் (நிதி மேலாண்மை, வியூக மேலாண்மை) மூன்றுக்கும் பங்கிடலாம். ஞாயிறு மதியத்துக்கு மேல் எதையும் எழுதி வைக்காதீர்கள். வாரத்தில் தவறியது அங்கே வந்து உட்காரும். அந்த இடம் இல்லாத அட்டவணை இரண்டாவது வாரமே கிழிந்துவிடும்.

"படிக்க மனசே ஓடலை" என்ற பேச்சு மூன்றாவது மாதம் வாக்கில்தான் வரும். சோம்பல் என்று நினைத்துத் தன்னையே திட்டிக்கொள்வார்கள். முதல் மாதம் படித்தது மறந்துபோயிருக்கும், இன்னும் எவ்வளவு பாக்கி என்பதும் தெரியாது. மனசு ஓடாததற்கு இதுதான் காரணம். மணி நேரத்தை எண்ணுவதை நிறுத்துங்கள். வீடியோ கிளாஸை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டு உட்கார்ந்திருப்பதும் பத்து மணி நேரக் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரே ஒரு தாளில் எல்லா சாப்டரையும் எழுதி, பக்கத்தில் மூன்று கட்டம் போடுங்கள்: படித்தேன், புத்தகத்தை மூடிவிட்டுக் கணக்கைப் போட்டேன், ரிவைஸ் செய்தேன். இரண்டாவது கட்டம் காலியாக இருக்கும் சாப்டர் முடியாத சாப்டர்தான்.

தவறுகளுக்குத் தனி நோட்டு அவசியம். அதில் "சில்லி மிஸ்டேக்" என்ற சொல்லுக்கு இடமில்லை. உதாரணத்துக்கு ப்ராசஸ் காஸ்டிங் (ஒரு உற்பத்திக் கட்டத்தில் யூனிட்டுக்கு ஆகும் செலவைக் கணக்கிடுவது): 1,000 யூனிட் உள்ளே போகிறது, மொத்தச் செலவு 46,000 ரூபாய், நார்மல் லாஸ் (வழக்கமாக வீணாவது) 10 சதவீதம், அதை ஸ்கிராப்பாக விற்றால் யூனிட்டுக்கு 10 ரூபாய், கிடைத்த உற்பத்தி 880. ஸ்கிராப் 1,000 ரூபாயைக் கழித்து 45,000த்தை 900ஆல் வகுத்தால் யூனிட்டுக்கு 50; அப்நார்மல் லாஸ் (வழக்கத்துக்கு மேல் வீணானது) 20 யூனிட், 1,000 ரூபாய். அவசரத்தில் 880ஆல் வகுத்து 51.14 போட்டவர் நோட்டில் எழுத வேண்டியது: "கிடைத்த உற்பத்தியால் வகுத்தேன், இருக்க வேண்டிய உற்பத்தியால் வகுக்கணும்." ஒன்றரை நாளில் புரட்ட வேண்டியது இந்த நோட்டையும் சுருக்கக் குறிப்பையும்தான். முழு ஸ்டடி மெட்டீரியலை அப்போது திறந்தால் ஆபத்து.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு லாவும் ஆடிட்டும் தனிச் சிரமம், ஏனென்றால் விடையை ஆங்கிலத்திலோ இந்தியிலோதான் எழுதலாம். விஷயம் தெரிந்தும் வாக்கியம் வராது. தேர்வை நடத்தும் இன்ஸ்டிட்யூட்டின் (ஐசிஏஐ) மெட்டீரியலில் உள்ள வாசகத்தையே தினமும் பத்து நிமிடம் பார்த்து எழுதிப் பழகுவதுதான் வழி. சட்டம், உண்மைகள், முடிவு என்று மூன்று பத்தியாக எழுதும் பழக்கமும் இதிலேயே வந்துவிடும்.

மாக் டெஸ்டை பகல் 2 முதல் 5 வரைதான் எழுத வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின் வரும் தூக்கத்தைச் சமாளிக்க அப்போதே பழகிவிடும். 180 நிமிடத்தில் 100 மார்க் என்றால் ஒரு மார்க்குக்கு 1.8 நிமிடம். 30 மார்க் எம்சிக்யூவுக்கு (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்) 54 நிமிடம்தான். கேள்விக்கு முன் கொடுக்கும் கேஸ் சினாரியோவைத் திரும்பத் திரும்பப் படித்தே ஒன்றேகால் மணி நேரத்தை விடுகிறவர்கள் உண்டு. நெகட்டிவ் மார்க் கிடையாது, அதனால் ஒரு வட்டமும் காலியாக இருக்கக் கூடாது. இன்ஸ்டிட்யூட்டின் ஆர்டிபி (ரிவிஷன் டெஸ்ட் பேப்பர்) வெளிவந்ததும் அமெண்ட்மெண்டுகளை (சட்டத் திருத்தங்கள்) அதிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸப்பில் சுற்றும் பிடிஎஃப் வேண்டாம்.

ஒவ்வொரு பேப்பரிலும் 40, மூன்று பேப்பர் சேர்ந்த க்ரூப்பில் 300க்கு 150 வேண்டும். ஒரு பேப்பரில் 45தான் வந்தாலும் மற்ற இரண்டில் சேர்த்து 105 எடுத்தால் க்ரூப் தேறிவிடும். க்ரூப் போனாலும் 60 எடுத்த பேப்பருக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை எக்ஸெம்ப்ஷன் (அதைத் திரும்ப எழுத வேண்டாம் என்ற விலக்கு) உண்டு. அதனால் 5 மணிக்கு ஹால் வாசலில் விடை ஒப்பிடும் கூட்டத்தில் நிற்காமல் நேராக வீட்டுக்குப் போங்கள். சாப்பிட்டு, இரண்டு மணி நேரம் தூங்கி, எட்டு மணிக்கு அடுத்த பேப்பரின் தவறு நோட்டை எடுங்கள்.