ஊரைக் காட்ட ஓர் ஆள்

ஆகஸ்ட் 3

சித்தப்பா கோலாலம்பூரிலிருந்து பேசினார். பதினேழாம் தேதி குடும்பத்தோடு வந்து சேருகிறார்களாம். "அண்ணன் ஊரைச் சுற்றிக் காட்டுவார் என்று பேரப்பிள்ளைகளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார். சரி சித்தப்பா என்று மட்டும் சொன்னேன். அப்பாவின் நிலையை இன்னும் சொல்ல வேண்டாம் என்கிறாள் அம்மா.

ஆகஸ்ட் 5

வழிகாட்டி ஒருவரை அமர்த்துவதென்று முடிவாயிற்று. கைப்பேசியிலேயே எல்லாம் கிடைக்கும்போது இதற்கு எதற்குப் பணம் என்று தம்பி கேட்கிறான். வெளியூரிலிருந்து யார் திருநெல்வேலிக்கு வந்தாலும் நெல்லையப்பர் கோயிலுக்கு அப்பாதான் அழைத்துப் போவார். நேரே சன்னதிக்குப் போகாமல் முதலில் சங்கிலி மண்டபத்தில் நிறுத்தி, 1647-இல் வடமலையப்ப பிள்ளையன் இதைக் கட்டித்தான் சுவாமி கோயிலும் காந்திமதி அம்மன் கோயிலும் ஒன்றாயின என்று சொல்லிவிட்டு, சற்று நேரம் பேசாமல் நிற்பார். அப்படி நிற்கத் தெரிந்த ஆள் எங்கே கிடைப்பார்?

ஆகஸ்ட் 6

அப்பாவின் வலது கை இன்றும் அசையவில்லை.

ஆகஸ்ட் 8

முதல் ஆளைப் பார்த்தேன். நெல்லையப்பர், கிருஷ்ணாபுரம், ஆதிச்சநல்லூர், அல்வாக் கடை, பட்டுக் கடை எல்லாம் சேர்த்து நான்கு மணி நேரம், 1,500 ரூபாய் என்றார். கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களுக்கு மட்டுமே அப்பா இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்வார். கூலி குறைவாக இருப்பது கடைக்காரர் தரும் கமிஷனால்தான் என்பது பிறகு விளங்கியது. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். நெல்லையப்பர் கோயில் மணி மண்டபத்து இசைத்தூண் அருகில் போனதும் அவர் பையிலிருந்து ஐந்து ரூபாய் நாணயத்தை எடுத்துத் தட்டிக் காட்டினார். ஒரே கல்லில் கொத்தாகச் செதுக்கிய தூண்கள் அவை. நூற்றாண்டுகள் தாங்கிய கல்லை வருகிறவர்களெல்லாம் உலோகத்தால் அடித்தால் என்ன ஆகும்? அப்பா எங்கள் காதைத் தூணில் வைக்கச் சொல்லிவிட்டு, விரல் நுனியால் ஒரே ஒரு முறை தட்டுவார். சத்தம் காதில் கேட்பதற்கு முன்னால் கன்னத்தில் தெரியும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 9

அப்பா தூங்கவில்லை. நானும் தூங்கவில்லை.

ஆகஸ்ட் 10

பிள்ளைகளுக்குக் கோயில் யானை காந்திமதியைக் காட்ட வேண்டும் என்று சித்தப்பாவிடமிருந்து செய்தி வந்திருக்கிறது. யானை 2025 ஜனவரியிலேயே இறந்துவிட்டது. அதையும் யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 11

இரண்டாமவர் வரலாறு படித்த பெண். மத்திய சுற்றுலாத் துறையின் அடையாள அட்டையைத் தாமாகவே எடுத்துக் காட்டினார். எத்தனை பேர், என்ன வயது, பிள்ளைகளுக்குத் தமிழ் எவ்வளவு புரியும், படியேற முடியாதவர் உண்டா என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. நண்பகலில் நடை சாத்திவிடுவதால் காலையில் நெல்லையப்பர், நடுப்பகலில் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரத் தேவாலயம், மாலையில் கிருஷ்ணாபுரம் என்று பிரித்தார். ஒரு நாளுக்கு 3,000 ரூபாய். வண்டி வாடகை தனி. கடைகளுக்கு அழைத்துப் போவதில்லை. இசைத்தூணைப் பற்றிக் கேட்டேன். "நான் தட்ட மாட்டேன், யாரையும் தட்ட விடவும் மாட்டேன்" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டேன்.

ஆகஸ்ட் 13

அந்தப் பெண்ணை வீட்டிற்கு வரச் சொல்லியிருந்தேன். அப்பாவைத் தலையணை வைத்துச் சாய்த்து உட்கார வைத்தோம். அந்தப் பெண் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்து, சுற்றிக் காட்டும்போது சொல்லப் போவதையெல்லாம் அப்பாவிடமே சொல்லத் தொடங்கினார். நெல்லையப்பர் கோயிலின் நடராசர் சபையான தாமிரசபை வரை அப்பா அசையவே இல்லை. தாமிரபரணி ஆற்றுப் பாலத்திற்கு வந்து, வெள்ளைக்காரர் கட்டிய பாலம் என்று அவர் சொன்னதும், அப்பாவின் இடது கை ஆள்காட்டி விரல் கட்டிலின் இரும்புக் கம்பியில் மூன்று முறை விழுந்தது. அறையில் எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டோம். 1843-இல் சுலோசன முதலியார் தம் சொந்தப் பணத்தில் கட்டிக் கொடுத்தது என்று நான்தான் சொன்னேன். "மன்னிக்கணும் ஐயா" என்று சொல்லிவிட்டு அவர் குறிப்பேட்டில் அடித்து எழுதினார். அதன் பிறகு ஒவ்வொன்றையும் கேட்டே சொன்னார். கிருஷ்ணாபுரத்தில் குறத்தியை முதலில் காட்டட்டுமா? விரல் அசையவில்லை. நாகாஸ்திரம் ஏந்திய கர்ணனையா? ஒரு தட்டு. கர்ணன் விரல் நகத்தையும் பார்க்கச் சொல்லட்டுமா? இன்னொரு தட்டு. காப்பித் தம்ளரோடு அம்மா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். காப்பி ஆறிப் போயிற்று.

ஆகஸ்ட் 14

இன்றும் வந்தார். இதற்குப் பணம் வேண்டாம் என்கிறார்.

ஆகஸ்ட் 16

இரவு சித்தப்பாவிடம் அம்மாவே பேசினாள். யானையைப் பற்றியும் சொன்னாள். அந்தப் பக்கத்திலிருந்து நெடுநேரம் சத்தமே இல்லை.

ஆகஸ்ட் 17

திருச்சியில் இறங்கிவிட்டார்கள். சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைத்துவிட்டது. எந்த வாசலில் படி குறைவு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன். இப்போதே கோயிலுக்குப் போய் எண்ணிப் பார்த்துவிட்டு அழைப்பதாகச் சொல்லியிருக்கிறார்.